குழாயில் தண்ணீர் வந்த வியாழக்கிழமை

எனக்கு முன்கோபம் உண்டு. கோர்ட்டில் அதை விழுங்கிக்கொள்ளப் பழகிவிட்டேன். சனிக்கிழமைகளில் மட்டும் விழுங்குவதில்லை. அது காசு வாங்காமல் வேலை பார்க்கிற நாள் என்பதால், வருகிறவர்கள்மேல் வள்ளென்று விழ எனக்கு உரிமை இருப்பதாக நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன்.

மதுரையில் தெற்குவாசல் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நாங்கள் நாலு வக்கீல்கள் சனிக்கிழமை தோறும் உட்காருவோம். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிற அப்பா அம்மாக்கள் வருவார்கள். மூன்று வகுப்புக்கு ஒரே டீச்சர், மழை பெய்தால் லீவு, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பஸ் நிற்பதில்லை என்று ஆளுக்கு ஒரு குறை. மனு எழுதிக் கொடுப்போம், தகவல் கேட்டு விண்ணப்பம் போடுவோம், எதற்கும் அசையவில்லை என்றால் வழக்குப் போடுவோம். பாதிப் பேர் முதல் மனுவோடு சலித்துப்போய் வராமல் நின்றுவிடுவார்கள். அதற்கும் நான் கோபப்படுவேன்.

ஒரு ஆவணி மாதம் சனிக்கிழமை அந்த அக்கா வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

"எம் புள்ள தண்ணியே குடிக்க மாட்டேங்குறா, வக்கீலம்மா."

காலையிலிருந்து ஏழு பேரைப் பார்த்த எரிச்சலில் இருந்தேன். "அதுக்கு டாக்டர்ட்ட போங்கக்கா. வக்கீல் என்ன செய்ய முடியும்?" என்றேன்.

"டாக்டர்ட்ட போயிட்டுத்தான் வாரேன். அவருதான் பள்ளிக்கூடத்துல போயிக் கேளுன்னாரு. பள்ளிக்கூடத்துல கேட்டா, எழுதிப் போட்டிருக்கோம்ங்குறாக. நான் எங்கதான் போவேன்?"

அப்புறம்தான் உட்காரச் சொன்னேன். அவருக்குத் திருமங்கலத்துக்கு மேற்கே உள்ளே தள்ளி ஒரு கரிசல்காட்டு ஊர். வீட்டில் முறுக்குச் சுட்டு, திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு கடைகளுக்குக் கொண்டுவந்து போடுகிறார். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள், உள்ளூர் நடுநிலைப்பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். பள்ளியில் கழிப்பறை இருக்கிறது, கதவு இருக்கிறது, குழாயும் இருக்கிறது. தண்ணீர்தான் இல்லை. மோட்டார் எரிந்துபோய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. பையன்கள் பின்னால் இருக்கிற கருவேலங்காட்டுக்குப் போய்விடுகிறார்கள். சின்னப் பெண் பிள்ளைகளும் போய்விடும். வயதுக்கு வந்த பிள்ளை எங்கே போகும்? காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து சாயங்காலம் திரும்பி வருகிற வரைக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருக்கிறாள். அதனால் நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, இரண்டு முறை ஊசி போட்டாகிவிட்டது. மூன்றாவது முறை வந்தால் கிட்னிக்கு நல்லதில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"அவுக அப்பா என்ன சொல்றாருன்னா, இந்த வருசம் முடியட்டும், அதுக்குள்ள தண்ணி வந்தா எட்டாவதுக்குப் போகட்டும், இல்லேன்னா வீட்ல இருக்கட்டும்ங்குறாரு. கெட்ட மனுசன் இல்ல. பயந்துட்டாரு."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டாக்டரிடம் போ என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்க நான் அதிகம் பேசவில்லை. பதினான்கு வயது வரை படிப்பு உரிமை என்று சட்டம் இருக்கிறதே என்று பிறகொரு நாள் அவள் அப்பாவுக்குப் போனில் விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தச் சட்டம் எம் மக கூட ஒண்ணுக்குப் போக வருமாம்மா?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

முதலில் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தோம். நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது என்று பதில் வந்தது. தகவல் கேட்டு எழுதினோம். மேற்படி பள்ளியில் கழிப்பறை வசதியும் தண்ணீர் வசதியும் உள்ளது என்று முத்திரையோடு ஒரு தாள் வந்தது. அதை அந்த அக்காவிடம் வாசித்துக் காட்டியபோது அவர் கோபப்படவில்லை. "அப்ப வேற எந்த ஊருப் பள்ளிக்கூடமோ" என்றார்.

ஹைகோர்ட்டில் ரிட் போடுவது என்று முடிவு செய்தோம். பத்துப் பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போடுவதாக ஊரில் பேச்சு. கையெழுத்துப் போடவேண்டிய நாளில் ஒருவருக்குக் கொழுந்தனார் வீட்டு விசேஷம், ஒருவருக்கு ஆட்டுக்கு உடம்பு சரியில்லை, ஒருவருக்கு வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டும். கடைசியில் கைப்பையும் முறுக்குப் பொட்டலமுமாக அந்த அக்கா மட்டும் பஸ்ஸிலிருந்து இறங்கினார். என்னோடு இருக்கிற சின்ன வக்கீல் தம்பி, "ஊரே திரண்டு வந்துருச்சுக்கா, சேர் பத்தாது போல" என்று கேலி செய்தான். அந்த அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

பிரமாணப் பத்திரம் இங்கிலீஷில் இருந்தது. ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னேன். மகளின் உடம்பைப் பற்றிய இரண்டு பத்திகள் வந்ததும் கையை நீட்டித் தாளைத் தடுத்தார்.

"இத எடுத்துருங்க, வக்கீலம்மா."

"இதுதான்க்கா கேஸே."

"கோர்ட்டுல சத்தமா வாசிப்பாகல்ல? நாளைக்கு அவளப் பொண்ணு பாக்க வர்றவுக காதுல விழுந்தா? கிட்னி கெட்ட புள்ளன்னு பேராயிரும். தண்ணி இல்லேன்னு மட்டும் எழுதுங்க. அது போதும்."

அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "எம் பேரு இருக்குல்ல, எனக்கு வேற மகளா இருக்கா?" என்றார். இரண்டு பத்தியையும் எடுத்துவிட்டேன். அத்தோடு வழக்கில் மிஞ்சியது ஒரு கழிப்பறை, ஒரு தொட்டி, ஒரு எரிந்த மோட்டார். பார்த்தால் தெரிகிற விஷயங்கள் மட்டும்தான்.

வழக்கு மாசி மாதம் விசாரணைக்கு வந்தது. எதிர்த் தரப்பான கல்வித்துறை, எல்லா வசதியும் இருக்கிறது என்று போட்டோ கொடுத்தது. நாங்கள் வறண்ட குழாயின் போட்டோ கொடுத்தோம். இரண்டையும் பார்த்த நீதிபதி, ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டு, நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரச் சொன்னார். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நேரில் பார்த்தால் தீர்ந்தது, குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும், அப்புறம் என்ன பேச்சு? கோர்ட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டே அந்த அக்காவுக்குப் போன் போட்டேன்.

"வர்ற வியாழக்கிழமை, ஹைகோர்ட்ல இருந்து ஒரு சார் உங்க பள்ளிக்கூடத்தப் பாக்க வர்றாருக்கா."

"நம்ம ஊருக்கா? ஹைகோர்ட்டுல இருந்தா?" என்றார். "காலையிலயா, மத்தியானமா?" என்று கேட்டார். காலை பதினோரு மணி என்றேன்.

புதன்கிழமை எனக்குத் திருமங்கலம் கோர்ட்டில் ஒரு வாய்தா. சீக்கிரம் முடிந்துவிட்டது. மறுநாள் யார் எதைக் காட்டவேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டு வரலாம் என்று வண்டியை ஊருக்குள் விட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஊரே நின்றது. கையெழுத்துப் போட வராத அத்தனை பேரும் இருந்தார்கள். கொழுந்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போனவர் ஏணிமேல் நின்று சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். ஆம்பளைகள் பின்னால் இருந்த கருவேல முள்ளை வெட்டிக் குவித்திருந்தார்கள். பொம்பளைகள் கழிப்பறைக்குள் பினாயிலும் துடைப்பமுமாக நின்று, இரண்டு வருட அழுக்கைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வார்டு மெம்பர் எங்கிருந்தோ ஒரு டிராக்டர் டேங்கரைப் பிடித்துக்கொண்டு வந்து, மேலே இருக்கிற தொட்டிக்குக் குழாய் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார். கல்யாண மண்டபத்துச் சிவப்பு நாற்காலி ஒன்று தலைமையாசிரியர் அறைக்கு முன்னால் துணி போர்த்திக் காத்திருந்தது.

இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு மாதமாக ஆள் வரவில்லை, ஆள் வரவில்லை என்று புலம்பியவள் நான். இதோ ஊர் முழுக்க வந்து நிற்கிறது. ஒரு பள்ளிக்கூடத்துக்காக இம்புட்டுப் பேர் சேர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

எனக்கும் அந்த ரத்தம்தானே. எங்கள் வீட்டில் பேசுகிற மொழி வேறு, தறிக்காரக் குடும்பம், நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள். ஆனால் என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அம்மா பக்கத்து வீட்டு சோபாவையும், எதிர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தையும் கடன் வாங்கி வைத்தார். ஒழுகுகிற இடத்துக்குக் கீழே இருந்த வாளியை எடுத்துப் பரணில் போட்டார். ஆள் வருகிறது என்றால் இருக்கிறதை மறைத்து இல்லாததைக் கொண்டுவந்து வைப்பதுதான் எனக்குத் தெரிந்த மரியாதை. அதைத்தான் ஊரும் செய்தது. அதில் எனக்குத் தப்பாக எதுவுமே படவில்லை. பதினெட்டு வருடம் வக்கீலாக இருந்தும் படவில்லை.

அந்த அக்காவின் மகளை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். ஒல்லியாக, அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலேயே நின்றாள். என் கையைப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குழாயைத் திறந்து பாருங்கள் என்று சைகை செய்தாள். திறந்தேன். சர்ரென்று தண்ணீர் கொட்டியது. நான் கத்திச் சிரித்துவிட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். யாரோ போனில் படம் எடுத்தார்கள். வெளியே வந்ததும் அவள் குடத்தில் இருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தாள். இன்னொரு டம்ளரும் குடித்தாள்.

"பாருங்க வக்கீலம்மா, பள்ளிக்கூடத்துக்குள்ள நின்னு தண்ணி குடிக்கிறா" என்றார் அவள் அம்மா. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, வந்த விஷயத்தைப் பேசாமலேயே நான் வண்டியைத் திருப்பினேன்.

வியாழக்கிழமை கமிஷனர் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார். சின்ன வயசு, நேர்மையான பையன், கையில் ஒரு நோட்டு. மாலை போட வந்தவர்களைத் தடுத்துவிட்டு நேராகக் கழிப்பறைக்குப் போனார். குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. அவர் நோட்டில் எழுதினார்.

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. சுற்றிலும் பார்த்தேன். ஊரே பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றது.

"சார், இது நேத்து டேங்கர்ல கொண்டுவந்து ஊத்துன தண்ணி. மோட்டார் எரிஞ்சு கெடக்கு" என்றேன்.

"மோட்டார் ஓடுதா?" என்று அவர் பொதுவாகக் கேட்டார்.

"ஓடும் சார். இன்னைக்கு மாசாந்திரக் கட்டு, கரண்டு இல்ல" என்றார் வார்டு மெம்பர். மின்தடை உண்மைதான். ஊர் மானத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் மீதியை அவராகச் சேர்த்துக்கொண்டார். என்னை ஒரு முறை முறைத்தார். வந்த விருந்தாளிக்கு முன்னால் வீட்டுக் குறையைச் சொல்கிற மருமகளை மாமியார் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

கமிஷனர் மனுதாரர் யார் என்று கேட்டார். அந்த அக்கா முன்னால் வந்தார். கையில் எவர்சில்வர் தட்டு, தட்டில் முறுக்கு.

"சொல்லுங்கம்மா. உங்களுக்கு என்ன குறை?"

அவர் வாயைத் திறந்தார். ஊர் பூராவும் பின்னால் நிற்கிறது. ராத்திரி பகலாக வேலை பார்த்த கைகள் எல்லாம் இன்னும் சுண்ணாம்போடு இருக்கின்றன. வார்டு மெம்பர் நிற்கிறார், தலைமையாசிரியர் நிற்கிறார். எதிரே நிற்பது ஒரு ஆம்பளை, ஊர் பேர் தெரியாதவர். மகள் தூணுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள்.

"ஒரு குறையும் இல்லங்க சார். நீங்க எங்க ஊருக்கு வந்ததே போதும். முறுக்கு எடுத்துக்கங்க."

கமிஷனர் ஒன்று எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், எனக்கும் புரியுது. ஆனா பாத்ததத்தான் நான் எழுத முடியும். ஆட்சேபணை இருந்தா போடுங்க" என்றார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தமும் கிடையாது.

கார் தெருமுனை தாண்டியதும் நான் ஆடித் தீர்த்துவிட்டேன். அத்தனை பேர் முன்னாலும் அந்த அக்காவைப் பிடித்துக் கத்தினேன். "கேஸு போட்டது நீங்க! குறையில்லன்னு சொன்னதும் நீங்க! என்னைய என்ன கேனச்சின்னு நெனச்சீங்களா?"

அவர் தட்டைக் கீழே வைத்தார். "வீட்டுக்கு ஆளு வருதுன்னா கழுவி வைக்காம இருப்பாகளா?" என்றார். பிறகு குரலை இறக்கி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "நேத்து நீங்களும் இருந்தீகளே, வக்கீலம்மா. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லலியே. கொழாயத் தொறந்து நீங்கதான மொத ஆளாச் சிரிச்சீக."

நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திருமங்கலம் வருகிற வரைக்கும் ஹெல்மெட்டுக்குள் அழுதேன். அவர் மேல் கோபமாக இருந்திருந்தால் அழுகை வந்திருக்காது.

டேங்கர் தண்ணீர் நாலு நாளில் தீர்ந்துபோனது. ஆட்சேபணை மனு போட்டோம். தண்ணீர் டேங்கரில் வந்தது, எங்கள் கட்சிக்காரர் கூச்சத்தில் அப்படிச் சொல்லிவிட்டார் என்றெல்லாம் எழுதினோம். எதிர்த் தரப்பு ஒரே ஒரு போட்டோவைத் தாக்கல் செய்தது. ஊர் வாட்ஸப் குரூப்பில் சுற்றிய படம். வெள்ளையடித்த சுவர், திறந்த குழாய், கொட்டுகிற தண்ணீர், பக்கத்தில் வாயெல்லாம் பல்லாக நான். மனுதாரரின் வக்கீலே தண்ணீர் வசதியைப் பார்த்து மகிழ்கிற காட்சி என்று கீழே எழுதியிருந்தார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வசதிகள் இருப்பதாக அறிக்கை சொல்கிறது, தொடர்ந்து பராமரிக்க வேண்டும் என்று சொல்லி வழக்கை முடித்துவைத்தார்கள். நீதிபதி நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் சின்ன வக்கீல் தம்பி ஆறுதல் சொல்லப் பார்த்தான். "ஊர்க்காரங்க செஞ்சதுக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க?" என்றான். நான் அவன் மேலும் எரிந்து விழுந்தேன். பொய்ச் சமாதானத்தைக் கேட்கப் பிடிக்கவில்லை. ஊர்க்காரர்களுக்குக் கமிஷனர் எதற்கு வருகிறார் என்று தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கூட்டத்தைப் பார்த்த சந்தோஷத்தில் நான் வக்கீல் என்பதையே மறந்து நின்றேன்.

இப்போதெல்லாம் எந்த ஊருக்கு யார் பார்வையிட வருவதாக இருந்தாலும் முதல் நாளே போய் நின்றுவிடுகிறேன். துடைப்பத்தைத் தொடாதீர்கள், ஒட்டடை அடிக்காதீர்கள், வாசலில் கோலம்கூட வேண்டாம் என்று கத்துகிறேன். "இந்தம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று பொம்பளைகள் என் காது படவே பேசுகிறார்கள். ஒரு ஊரில் நான் திரும்பிய பிறகு ரகசியமாகக் கழுவிவிட்டிருந்தார்கள். அந்த அக்காவின் ஊர்ப் பள்ளிக்கும் புதிதாக இரண்டு அம்மாக்களை வைத்து மறுபடி மனு போட்டிருக்கிறோம். இந்த முறை உடம்பைப் பற்றிய பத்திகள் இருக்கின்றன. பதில் இன்னும் வரவில்லை.

அந்த வருடம் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மூன்றாவது சனிக்கிழமை அந்த அக்கா மாடிப்படி ஏறி வந்தார். நான் கத்திய நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்க்கிறேன். எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. அவர் வழக்கம்போல முறுக்குப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். இந்த முறை முறுக்கு சின்னதாக, ஒரே அளவாக, சுற்று பிசகாமல் இருந்தது.

"இது அவ பிழிஞ்சது, வக்கீலம்மா. கை நல்லாத் திருந்திருச்சு."

நான் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவதுக்குப் போகிறாளா என்று கேட்க நினைத்தேன். வாய் வேறு எதையோ கேட்டது. "உடம்பு எப்டிக்கா இருக்கு அவளுக்கு?"

"நல்லா இருக்கா. ஒரு காய்ச்சல் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப நல்லாத் தண்ணி குடிக்கிறா."